பத்துப் பேர் இல்லாத பள்ளி

கேரளத்தில் ‘பள்ளி’ என்ற சொல்லுக்கு மூன்று உரிமையாளர்கள் உண்டு. முஸ்லிம்கள் தொழுமிடமும் பள்ளி, கிறித்தவர்களின் கோயிலும் பள்ளி, யூதர்களின் வணக்கத்தலமும் பள்ளி. ‘மாப்பிள்ளை’ என்ற பட்டப் பெயரும் அவ்வாறே மூவருக்கும் பொதுவாக வழங்கியிருக்கிறது. நஸ்ராணி மாப்பிள்ளை என்றால் கிறித்தவர். ஜூத மாப்பிள்ளை என்றால் யூதர். ஜோனக மாப்பிள்ளை என்றால் முஸ்லிம். நம் கடற்கரை ஊர்களில் இன்றும் வழங்கும் ‘சோனகர்’ என்ற சொல்தான் மலையாள நாட்டில் ஜோனகராயிற்று. கடல் கடந்து வந்த மூன்று கூட்டத்தாருக்கும் மண்ணின் மக்கள் ஒரே பெயரை வைத்து, அடையாளத்துக்கு ஒரு முன்னொட்டை மட்டும் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த மூன்றில் ஒரு கூட்டத்தார் இன்று ஏறத்தாழ மறைந்தே போய்விட்டனர். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ஆம் ஆண்டு கட்டப்பட்ட பரதேசி யூதப் பள்ளி நானூற்று ஐம்பது ஆண்டுகளைக் கடந்தும் உறுதியாக நிற்கிறது. சுவரில் பழுதில்லை, கூரையில் ஒழுக்கில்லை, விளக்குகள் துடைத்து வைத்தாற்போல் மின்னுகின்றன. வணங்குவதற்குத்தான் ஆளில்லை.

யூதச் சட்டப்படி கூட்டு வணக்கம் நிறைவேற வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் கூடவேண்டும். ‘மின்யான்’ என்பது இந்த எண்ணிக்கையின் பெயர். ஷாஃபிஈ மத்ஹபில் ஜும்ஆ நிறைவேற ஊர்வாசிகள் நாற்பது பேர் வேண்டும் என்ற விதியை அறிந்த நமக்கு இது புரியாத செய்தியன்று. நாற்பதில் ஒருவர் குறைந்தாலும் கலங்கிப்போகும் சிற்றூர்ப் பள்ளி நிர்வாகிகள் நம்மிடையே இருக்கிறார்கள். மட்டாஞ்சேரியிலோ உள்ளூர்வாசிகளைக் கொண்டு பத்து என்ற எண் நிறைவது நின்றே பல ஆண்டுகளாகின்றன. வெளிநாட்டிலிருந்து யூதப் பயணிகள் கூட்டமாக வந்து சேரும் நாளில் மட்டும் அங்கே முறைப்படியான வணக்கம் நடக்கும். 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் குவீனி ஹலேகுவா என்ற மூதாட்டி தம் 89-ஆம் வயதில் காலமானார். பரதேசி யூதப் பெண்களில் கொச்சியில் எஞ்சியிருந்தவர் அவர் ஒருவரே. கொச்சி நகருக்கு மின்சாரத்தைக் கொண்டு வந்ததில் பெரும்பங்கு வகித்த கோடர் குடும்பத்தின் மகள் அவர்.

மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் பின்புறமாகத்தான் யூதத் தெரு தொடங்குகிறது. கொச்சி மன்னர் தம் அரண்மனை மதிலை ஒட்டியே யூதர்களுக்கு நிலம் கொடுத்திருக்கிறார். அரண்மனை வளாகத்துக்குள் பழையன்னூர் பகவதி கோயில். மதிலுக்கு இந்தப் பக்கம் யூதப் பள்ளி. ஒரு பக்கத்து மணியோசை மறுபக்கத்துக்குக் கேட்கும். தம் கண்ணெதிரில் இருந்தால்தான் பாதுகாப்பு என்று மன்னர் எண்ணியிருக்கவேண்டும். யாரிடமிருந்து பாதுகாப்பு என்பதற்குப் பின்னர் வருகிறேன்.

தெரு குறுகலானது. இருபுறமும் இரண்டடுக்குப் பழைய வீடுகள். ஜன்னல் கம்பிகளில் இன்னமும் ஆறுமுனை நட்சத்திரம் தெரிகிறது. கீழ்த்தளங்கள் பெரும்பாலும் கடைகளாகிவிட்டன. பழம்பொருள், சால்வை, கம்பளம், வாசனைத் தைலம், மரச்சிற்பம் என்று பரப்பி வைத்திருக்கிறார்கள். கடைக்காரர்களில் பலர் காஷ்மீரத்து முஸ்லிம்கள். யூதத் தெரு என்ற பெயர்ப்பலகையின் கீழ் நின்று ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்று சொல்லி, ‘வ அலைக்குமுஸ்ஸலாம்’ என்று பதில் பெறுவது விந்தையான அனுபவம்தான். கடைகளைத் தாண்டி உள்ளே போகப் போக மிளகு, சுக்கு, ஏலம் இவற்றின் நெடி மூக்கைத் துளைக்கிறது. இந்தியாவின் மிளகு வாணிபத்துக்கு இந்தத் தெரு நெடுங்காலம் தலைமையிடமாக இருந்தது. சாக்கு மூட்டைகள் அடுக்கிய கிடங்குகள் இன்றும் உள்ளன.

தெருவின் கோடியில் மணிக்கூண்டு தெரிகிறது. 1760-ல் கட்டப்பட்டது. அதன் கடிகார முகங்களில் எண்கள் வெவ்வேறு எழுத்துகளில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று எபிரேயம். வேறுவேறு மொழிக்காரர் நடமாடிய துறைமுகத்தில் நேரம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்பதை அந்தக் கூண்டு அறிவித்துக்கொண்டிருந்தது போலும்!

பள்ளிக்குள் நுழையுமுன் காலணிகளைக் கழற்றவேண்டும். உலகின் பிற பகுதிகளில் யூதர்கள் பெரும்பாலும் காலணியுடனேயே தங்கள் வணக்கத்தலத்துக்குள் செல்கிறார்கள். கேரளத்திலோ வெறுங்காலுடன் நுழையும் வழக்கம் வேரூன்றிவிட்டது. கோயிலையும் பள்ளிவாசலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு காலணியோடு உள்ளே போக அவர்களுக்கு மனம் வரவில்லை என்றே கொள்ளவேண்டும். “என்னங்க, நம்ம பள்ளிக்குள்ள போற மாதிரியே இருக்கே!” என்றார் என் துணைவியார், வாசலில் செருப்பை ஒதுக்கி வைத்தபடி.

உள்ளே காலுக்கடியில் குளிர்ச்சி. வெள்ளைப் பரப்பில் நீல ஓவியம் தீட்டிய பீங்கான் ஓடுகள் தரை முழுவதும் பதிக்கப்பட்டிருக்கின்றன. 18-ஆம் நூற்றாண்டில் சீன நாட்டின் காண்டன் நகரிலிருந்து கப்பலேறி வந்தவை. எல்லாம் கையால் வரைந்தவையாதலின் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை என்பார்கள். குனிந்து பார்த்தால் வில்லோ மரம், சிறு பாலம், படகு. மேலே நிமிர்ந்தால் பெல்ஜியத்துக் கண்ணாடிச் சரவிளக்குகளும் வண்ணவண்ண எண்ணெய் விளக்குகளும் தொங்குகின்றன. நடுவே பித்தளைக் கம்பி சூழ்ந்த மேடை; வேதம் ஓதும் இடம் அது. மாடத்திலும் இன்னொரு மேடை இருக்கிறது. இப்படி இரண்டு ஓதுமேடைகள் வைப்பது கேரளத்து யூதப் பள்ளிகளுக்கே உரிய தனி வழக்கம். அந்த மாடத்துக்குப் பின்னே பெண்கள் தொழும் பகுதி. அவர்கள் ஏறிச்செல்லத் தனிப் படிக்கட்டு.

மேற்குச் சுவரில் மரவேலைப்பாடு மிக்க பேழை ஒன்று திரைக்குப் பின்னே இருக்கிறது. தோலில் எழுதப்பட்ட தவ்ராத் சுருள்கள் அதனுள் வைக்கப்பட்டுள்ளன. 1805-ல் திருவிதாங்கூர் மன்னர் அளித்த பொற்கிரீடம் ஒன்றும் இப்பள்ளியின் உடைமை. தவ்ராத் சுருளின் பேழைமேல் சூட்டுவதற்காகக் கொடுத்தது. யூதர்கள் ஜெரூசலத்தை நோக்கி வணங்குகிறவர்கள். கொச்சியிலிருந்து அது மேற்றிசை. கஅபாவும் நமக்கு மேற்றிசை. ஆகவே சற்றுத் தொலைவில் உள்ள கொச்சங்காடிப் பள்ளிவாசலில் தக்பீர் கட்டி நின்றவர்களும், இங்கே தவ்ராத்தின் முன் நின்றவர்களும் நூற்றாண்டுக் கணக்கில் ஒரே திக்கைப் பார்த்தே நின்றிருக்கிறார்கள்.

முற்றத்துச் சுவரில் ஒரு கல்வெட்டைப் பதித்திருக்கிறார்கள். கொச்சங்காடியில் 1344-ஆம் ஆண்டு கட்டப்பட்டு, பின்னாளில் அழிந்துபோன மற்றொரு யூதப் பள்ளியின் கல் அது. 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறைமுகத்தை மண்மேடாக்கிக் கொச்சி முகத்துவாரத்தைத் திறந்துவிட்டது என்பது வரலாறு. வெள்ளம் வடிந்த மூன்றே ஆண்டில் யூதர்கள் புதிய துறைமுகத்தில் பள்ளி கட்டிவிட்டார்கள். வணிகர்களல்லவா, தண்ணீர் போன வழியே அவர்களும் போனார்கள்! இன்றைய கொச்சங்காடி முஸ்லிம்கள் நிறைந்த பகுதி. செம்பு வேய்ந்ததால் செம்பிட்டபள்ளி எனப் பெயர்பெற்ற பழம்பெரும் பள்ளிவாசல் அங்கேதான் உள்ளது. கொச்சியில் வாழும் நெய்னா குடும்பத்தார் தங்கள் முன்னோர் காயல்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

பள்ளியின் மதிப்பு மிக்க செல்வம் பீங்கானோ பொன்னோ அன்று, இரண்டு செப்பேடுகள். சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஏறத்தாழ கி.பி. 1000-ல் முயிரிக்கோட்டில் இருந்து ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு வழங்கியவை. முயிரிக்கோடு என்பது நம் சங்கப் புலவர்கள் பாடிய முசிறியேதான். பகல் விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை, முரசு, எக்காளம் என எழுபத்திரண்டு உரிமைகளும் வரிவிலக்கும் அதில் கொடுக்கப்பட்டுள்ளன. எழுத்து வட்டெழுத்து. அன்றைய சேர நாட்டு மொழியில் எழுதப்பட்டதால் கல்வெட்டுப் பயிற்சியுள்ள தமிழர் பல சொற்களைத் தாமே இனங்காண முடியும். ரப்பானுக்கு வழங்கிய தலைமைக்கு ‘அஞ்சுவண்ணம்’ என்று பெயர்.

இந்தப் பெயரைக் கேட்டவுடன் நம்மில் சிலருக்குக் காது நிமிரும். தோப்பில் முஹம்மது மீரானின் ‘அஞ்சுவண்ணம் தெரு’ என்ற நாவலை வாசித்தவர்கள் உடனே நினைவுகூர்வர். குமரி மாவட்டக் கடற்கரையில் அஞ்சுவண்ணம் முஸ்லிம்களின் தெருவோடு சேர்ந்த பெயர். கொச்சிச் செப்பேட்டில் யூதர் தலைமையின் பெயர். மேற்காசியாவிலிருந்து வந்த யூதர், கிறித்தவர், பார்சிகள், முஸ்லிம்கள் ஆகிய பல சமயத்து வணிகர் அடங்கிய குழுவே அஞ்சுவண்ணம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அதற்கு நல்ல சான்று கி.பி. 849-ஆம் ஆண்டின் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு. கிறித்தவப் பள்ளி ஒன்றுக்குக் கொடுத்த உரிமைப் பத்திரம் அது. சாட்சிக் கையெழுத்துகளைப் பாருங்கள்: சில கூஃபி அரபு எழுத்தில், சில பஹ்லவியில், சில எபிரேய எழுத்தில். கிறித்தவரின் ஆவணத்துக்கு முஸ்லிமும் பார்சியும் யூதரும் சாட்சி! இதைவிடச் சுருக்கமாக அந்தக் காலத்துக் கடற்கரை வாழ்வை யாரும் விளக்கிவிட முடியாது. ஐந்நூறு ஆண்டுகள் கழித்து மலபாரில் பயணம் செய்த இப்னு பதூதாவும், கொல்லம் செல்லும் வழியில் ஒரு குன்றின்மீது யூதர்கள் தங்களுக்கென ஒரு தலைவருடன் வாழ்ந்ததைக் குறித்துச் செல்கிறார்.

எனினும் இந்தச் சரித்திரத்தை முழுக்க முழுக்கத் தேனில் தோய்த்துக் கொடுப்பது நேர்மையாகாது. மன்னரின் மதில் நிழலுக்கு யூதர்கள் வந்தது ஏன் என்ற கேள்வி நிற்கிறதே.

அதற்கு விடை சொல்பவர் நம்மவரான ஷைகு ஜைனுத்தீன் மக்தூம். ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ என்ற அரபு நூலின் ஆசிரியர். மக்தூம் குடும்பம் மஅபரிலிருந்து, அதாவது நம் சோழமண்டலக் கரையிலிருந்து, கொச்சிக்குச் சென்று, பின்னர் பொன்னானியில் நிலைகொண்டது. போர்த்துக்கீசியரின் கொடுமைகளை எடுத்துரைத்து முஸ்லிம்களைத் தட்டி எழுப்ப 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய நூல் அது. அதே நூலில் அவர் ஹிஜ்ரி 931, அதாவது 1524-ஆம் ஆண்டையொட்டி நடந்த ஒரு நிகழ்ச்சியையும் பதிவு செய்கிறார். கொடுங்கல்லூரில் யூதர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் ஏற்பட்ட சச்சரவில் ஒரு முஸ்லிம் கொல்லப்பட்டார். அதற்குப் பழிவாங்கப் பல ஊர்களிலிருந்து முஸ்லிம்கள் திரண்டு சென்றனர். யூதர்கள் பலர் கொல்லப்பட்டனர். வீடுகளும் வணக்கத்தலங்களும் எரிந்தன. கிறித்தவர்களின் கோயில்களும் தப்பவில்லை. எஞ்சிய யூதர்கள் ஊரைவிட்டு வெளியேறினர்.

ஒருவர் செய்த கொலைக்கு ஊரையே கொளுத்துவதற்கு மார்க்கத்தில் இடமில்லை என்பது நாம் அறிந்ததே. திருக்குர்ஆனின் ஹஜ் அத்தியாயம் 40-ஆவது வசனம் மடங்கள், கிறித்தவர்களின் கோயில்கள், யூதர்களின் தொழுமிடங்கள், பள்ளிவாசல்கள் ஆகிய நான்கையும் ஒரே வரிசையில் வைத்து, அவை இடிக்கப்படாமல் காக்கப்படுவதைப் பற்றிப் பேசுகிறது. ஜைனுத்தீன் மக்தூம் அந்த நிகழ்ச்சியை மறைத்திருக்கலாம். போர்த்துக்கீசியரை எதிர்த்து ஆள் திரட்டும் நூலில் இது எதற்கு என்று விட்டிருக்கலாம். விடவில்லை. அவர் எழுதி வைத்ததால் நாமும் படிக்கிறோம்.

போர்த்துக்கீசியர் வந்தபின் யூதர்களுக்கும் நமக்கும் பகைவர் ஒருவரே ஆயினர். 1492-ல் கிரனாடா வீழ்ந்தது. அதே ஆண்டில் ஸ்பெயினிலிருந்து யூதர்கள் துரத்தப்பட்டனர். அப்படித் துரத்தப்பட்டுப் பல நாடுகள் அலைந்து கொச்சிக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்களே ‘பரதேசி’ யூதர்களில் ஒரு பகுதியினர். பரதேசி என்றால் இங்கே பிச்சைக்காரர் என்று பொருளன்று. பிறதேசத்தார் என்று பொருள். 1662-ல் டச்சுக்காரருக்கு உதவினார்கள் என்ற கோபத்தில் போர்த்துக்கீசியர் இந்தப் பள்ளியைச் சேதப்படுத்தினர். அடுத்த ஆண்டு டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்தபின் பள்ளி செப்பனிடப்பட்டது.

யூதத் தெருவின் கதையில் மற்றோர் அத்தியாயம் உண்டு. வழிகாட்டிகள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை.

பரதேசிகள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மலபாரில் வாழ்ந்தவர்கள் மலபாரி யூதர்கள். மட்டாஞ்சேரி, எர்ணாகுளம், பரவூர், சேந்தமங்கலம், மாளா ஆகிய ஊர்களில் பள்ளிகள் கட்டியவர்கள் அவர்களே. எண்ணிக்கையிலும் அவர்களே பெரும்பான்மை. ஆனால் பின்னால் வந்தவர்கள் தங்களை வெள்ளை யூதர் என்றும் இவர்களைக் கறுப்பு யூதர் என்றும் பிரித்தனர். கொள்வினை கொடுப்பினை இல்லை. பரதேசிகளிடம் அடிமைகளாக இருந்து விடுதலையடைந்தவர்களின் சந்ததியார் மூன்றாவது பிரிவு. அவர்களுக்குப் பரதேசிப் பள்ளியில் இருக்கையில் அமர உரிமை இல்லை; வாசலருகே தரையிலோ படியிலோதான் இடம். நபி மூஸா (அலை) அவர்களின் பின்னே அடிமைத்தளையிலிருந்து வெளியேறிய சமுதாயம் என்று தம்மைச் சொல்லிக்கொள்பவர்களின் தொழுமிடத்தில்தான் இந்த நிலை!

அந்த மூன்றாம் பிரிவில் 1882-ல் பிறந்தவர் ஏ.பி. ஸாலம். சட்டம் படித்து வழக்கறிஞரானார். கொச்சிச் சட்டசபையில் உறுப்பினராக இருந்தார். காந்தியடிகளின் சத்தியாக்கிரக முறையைத் தம் சொந்தப் பள்ளிவாசலிலேயே கையாண்டார். பள்ளியைப் புறக்கணித்தும், பிறகு உள்ளே சென்று விதியை மீறி அமர்ந்தும் போராடினார். ‘யூத காந்தி’ என்ற பெயர் அவருக்கு ஏற்பட்டது. பல்லாண்டுப் போராட்டத்தின் பயனாகக் கதவுகள் சிறிது சிறிதாகத் திறந்தன. அவருடைய மகன் ஒருவர் பரதேசிப் பெண்ணொருவரை மணக்க விரும்பியபோது திருமணத்தைக் கொச்சியில் நடத்த முடியாமல் 1950-ல் பம்பாயில் நடத்தவேண்டியிருந்தது. ஸாலம் 1967-ல் கொச்சியிலேயே காலமானார். யூதத் தெருவுக்குச் செல்லும் ஒரு சாலை இப்போது அவர் பெயரால் வழங்குகிறது. உட்கார ஒரு பலகை கொடுக்காதவர்கள், பெயர்ப்பலகைக்கு மறுப்புச் சொல்ல இன்று அங்கே இல்லை.

இதைக் கேட்டு நாம் முகம் சுளிப்பது எளிது. எங்கள் பள்ளியில் செல்வரும் ஏழையும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறார்கள் என்று பெருமைப்படலாம், அது உண்மையும்கூட. ஸலாம் கொடுத்து எழுந்து வீட்டுக்கு வந்து, மகளுக்கு வரன் பார்க்கும்போது? மரைக்காயரா, இராவுத்தரா, லெப்பையா என்ற கேள்வி முதலில் எழாத வீடுகள் நம் ஊர்களில் எத்தனை? பரதேசிகள் குறைந்துபோனதற்குப் புலம்பெயர்வு பெருங்காரணம். பக்கத்துத் தெருவிலேயே இருந்த தம் மார்க்கத்தாரோடு கலக்க மறுத்ததும் ஒரு காரணம் என்பதை மறைக்க முடியாது.

நாடு விடுதலையடைந்தபோது கேரளத்தில் யூதர்கள் ஏறத்தாழ 2,500 பேர். 1948-ல் இஸ்ரேல் என்ற நாடு உருவாக்கப்பட்டது. 1950-களின் நடுப்பகுதிக்குள் மலபாரி யூதர்களில் பெரும்பாலோர் அங்கே சென்றுவிட்டனர். நேவாத்தீம், மெசிலாத் சியோன் போன்ற வேளாண் குடியிருப்புகளில் அவர்களைக் குடியமர்த்தினார்கள். மிளகும் மீனும் விற்றவர்கள் பாலைநிலத்தில் மண்வெட்டி பிடித்தார்கள். இவர்களை யாரும் கொச்சியிலிருந்து விரட்டவில்லை. வேதத்தில் சொன்ன மண் என்ற ஏக்கமும், இங்கே வாணிபம் நலிந்ததும் அவர்களைக் கொண்டு சென்றன.

இவ்விடத்தில் நம் வாசகர்களின் மனத்தில் எழும் கேள்வியை நான் அறிவேன். அதே 1948-ல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பலஸ்தீன மக்கள் தங்கள் வீடுகளைவிட்டு விரட்டப்பட்டனர். வீட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முகாம்களில் மாண்டவர்கள் எத்தனையோ பேர். யாரும் விரட்டாமல் போனவர்களின் ஆளில்லா வீடுகள் கொச்சியில் இருக்கின்றன. விரட்டப்பட்டவர்களின் வீடுகளோ அங்கே தரைமட்டமாயின. இந்த முரண்பாட்டை எண்ணாமல் யூதத் தெருவில் நடக்க ஒரு முஸ்லிமால் இயலாது. ஆனால் பலஸ்தீனத்தின் கணக்கை மட்டாஞ்சேரியின் முதியவர்களிடம் கேட்பதும் நீதியன்று. இந்த வேறுபாட்டை உணர்ந்தவர்கள் என்பதற்கு மட்டாஞ்சேரி முஸ்லிம்களையே சான்று காட்டலாம்.

யூதத் தெருவில் ‘ஸாராவின் கைத்தையல்’ என்ற சிறுகடை ஒன்று உலகறிந்தது. ஸாரா கோஹன் என்ற மூதாட்டி யூதர்கள் தலையில் அணியும் தொப்பிகளையும், சனிக்கிழமை ரொட்டியை மூடும் துணிகளையும் கையாலேயே பூத்தையல் போட்டு விற்றுவந்தார். அவருக்குக் குழந்தைகள் இல்லை. பள்ளிப்படிப்பை நிறுத்திவிட்டு அஞ்சலட்டை விற்றுத்திரிந்த ஒரு முஸ்லிம் சிறுவன், மீந்த அட்டைகளை வைக்க இடம் தேடி அந்த வீட்டுக்கு வந்தான். கணவர் இடம் கொடுத்தார்; நாளடைவில் அந்த வீட்டுப் பிள்ளையாகிவிட்டான். 1999-ல் கணவர் இறந்தபின், ஸாராவை இறுதிவரை பார்த்துக்கொண்டவர் அவரே. 2019 ஆகஸ்டில் 96 வயதில் அம்மையார் மறைந்தார். கடையை அவர் நினைவிடமாக்கி நடத்திவருபவர் அதே முஸ்லிம் அன்பர். யூதர்களின் தையல் நுணுக்கம் ஒரு முஸ்லிமின் கைக்காவலில் இருக்கிறது.

கல்கத்தாவிலும் இப்படித்தான். 1884-ல் கட்டிய மாகென் டேவிட் என்னும் பெரிய யூதப் பள்ளியைப் பல தலைமுறைகளாகப் பராமரித்து வருபவர்கள் முஸ்லிம் குடும்பத்தார். அந்நகரின் யூதப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இன்று படிப்பவர்களில் பெரும்பாலோர் நம் பெண்மக்கள்.

இல்லத்தரசியருக்கு ஒரு செய்தி. யூத மார்க்கத்தில் இறைச்சியையும் பாலையும் ஒரே உணவில் சேர்க்கக்கூடாது. நெய்யோ தயிரோ சேர்க்காமல் இறைச்சிக் குழம்புக்கு எப்படிச் சுவையூட்டுவது? கொச்சி யூதப் பெண்களுக்குத் தேங்காய்ப்பால் கைகொடுத்தது. அது பாலும் அன்று, இறைச்சியும் அன்று! ஆப்பமும் தேங்காய்ப்பால் குழம்புமாக அவர்கள் சமையல் அண்டைவீட்டாரின் சமையலோடு ஒன்றிவிட்டது. பாட்டும் அப்படியே. திருமணத்துக்கும் பண்டிகைக்கும் அவர்களின் பெண்கள் பாடியவை எபிரேயப் பாடல்கள் மட்டுமல்ல; மலையாளப் பாடல்களும் தாம். தலைமுறை தலைமுறையாக நோட்டுப் புத்தகங்களில் கைப்பட எழுதிக் காத்தவர்கள் பெண்களே. அரபுத்தமிழில் மாலைகளையும் முனாஜாத்துகளையும் எழுதிக் காத்த நம் பாட்டிமார்கள் நினைவுக்கு வருகிறார்கள் அல்லவா?

பள்ளியிலிருந்து சிறிது தொலைவில் ஒரு கல்லறை தனித்து நிற்கிறது. நாமியா மூத்தா என்று மக்கள் அழைக்கும் நெஹெமியா மோத்தா அங்கே அடங்கியிருக்கிறார். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த யூத ஞானி, எபிரேயக் கவிஞர். சுற்றியிருந்த யூத அடக்கத்தலம் மறைந்து வீடுகள் எழுந்துவிட்டன. இந்தக் கல்லறையை மட்டும் யாரும் தொடவில்லை. யூதர் போனபின்னும் இந்துக்கள், கிறித்தவர்கள், முஸ்லிம்கள் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்து நேர்ச்சை செய்கிறார்கள். நேர்ச்சை விஷயத்தில் நம் உலமாக்களுக்குள் இருக்கும் கருத்து வேறுபாட்டை இங்கே கிளறவேண்டியதில்லை. அருகில் இருந்த ஒரு பெரியவரிடம், “இக்கா, இவர் யூதரல்லவா?” என்று கேட்டேன். “யூதராணு மோனே. நம்ம ஊர்க்காரராணு” என்றார்.

எல்லாப் பள்ளிகளுக்கும் பரதேசிப் பள்ளியின் பாக்கியம் கிட்டவில்லை. 1968-ல் அதன் நானூறாம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார், அஞ்சல்தலை வெளியிட்டார்கள். 1997-ல் எலிசபெத் அரசியார் வந்து பார்த்தார். அதே மட்டாஞ்சேரியில் மலபாரி யூதர்களின் கடவும்பாகம் பள்ளி இதைவிட மூத்தது, 1544-ஆம் ஆண்டையது. உள்ளிருந்த மரவேலைப்பாடுகள் ஜெரூசலம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. வெறுங்கூடாக நின்ற கட்டடம் 2019 செப்டம்பர் மழையில் பெரும்பகுதி சரிந்து விழுந்தது. பள்ளிகளுக்கிடையிலும் வெள்ளை, கறுப்பு பேதம் தொடர்ந்தது என்று யாராவது சொன்னால் மறுக்க என்னிடம் வாதமில்லை.

குடும்பத்தோடு செல்ல விரும்புவோர் எர்ணாகுளத்திலிருந்து படகில் கோட்டைக் கொச்சி சென்று, அங்கிருந்து ஆட்டோவில் மட்டாஞ்சேரி அடையலாம். சனிக்கிழமைகளிலும் யூதர் பண்டிகை நாட்களிலும் பார்வையாளருக்கு அனுமதி இல்லை. வெள்ளிக்கிழமை செல்வோர் நேரத்தை முன்கூட்டி விசாரித்துக்கொள்வது நலம். தோளும் காலும் மறையும் உடை வேண்டும் என்பது அவர்கள் விதி. நம் பெண்களுக்கு அதில் சிரமம் இருக்காது. லுஹர் நேரத்துக்குக் கொச்சங்காடிக்குப் போய்விடலாம். நடந்தே எட்டும் தூரம். இன்னொரு நாள் ஒதுக்க முடிந்தால் பரவூரும் சேந்தமங்கலமும் பார்க்கத்தக்கவை. அவ்வூர்ப் பள்ளிகளை அரசு செப்பனிட்டு அருங்காட்சியகங்களாக்கியிருக்கிறது. சேந்தமங்கலத்தில் கோட்டையில் கோவிலகம் என்னும் குன்றைச் சுற்றி யூதப் பள்ளி, பள்ளிவாசல், கிறித்தவ ஆலயம், கோயில் நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக அமைந்துள்ளன. அவற்றில் மூன்றில் இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள்.